பஸ்ஸில் போய்ப் படிக்கும் சமூகநீதி

மனித உரிமையை வகுப்பறையில் படிப்பது பழைய பாணி. ஏசி பஸ்ஸில் போய்ப் படிப்பதே இன்றைய கல்வி. அதற்குக் காஞ்சிபுரத்தைவிடத் தோதான ஊர் ஏது? காலையில் கைலாசநாதர் கோயில், நடுவே காஞ்சிபுரம் இட்லி, மதியம் பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் கொத்தடிமை முறை. மாலை ஐந்துக்குள் சமூகநீதி முடிந்துவிடும்.

ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு முறை குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்து, நாடாவை வீசிப் படம் எடுத்துக்கொள்ளலாம். சேலையின் உடலோடு கோக்கும் கோர்வைக் கரை நெய்ய மறுபக்கம் இன்னோர் ஆள் வேண்டும் என்று நெசவாளர் விளக்குவார். அந்த 'ஆள்' பல வீடுகளில் சின்னப் பிள்ளையாக இருந்ததையும், அப்பா வாங்கிய முன்பணம் பிள்ளையைத் தறியோடு கட்டிப்போட்டதையும் 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. அதை பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவதால், இறங்கியபின் கூலி எவ்வளவு என்று கேட்டு யாரும் நெசவாளரைச் சங்கடப்படுத்துவதில்லை.

உரிமை விஷயத்தில் படுகண்டிப்பு. படம் எடுக்குமுன் நெசவாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். முன்பணத்துக்குக்கூட ரசீது பார்த்திராத மனிதர், இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். என்ன ஒரு கண்ணியம்!

கிளம்புமுன் நெசவாளருக்கு ஆதரவாக ஆளுக்கொரு பட்டுச்சேலை. அசல் விலை கட்டுப்படியாகாததால் விசைத்தறிச் சரக்கு. கைத்தறிக்கென ஒதுக்கிய சேலை ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று சட்டம் வந்தது 1985-இல்.