எப்ப வருது சார்?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு மதுரையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. காளவாசல் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "சார், செயின் லூஸு" என்பார். டீக்கடையில் ஓரங்கட்டினால், கையிலிருக்கும் கிளாஸைக் கீழே வைக்காமலே ஒருவர், "டேப்பெட் அடிக்குது, பாத்துக்கங்க" என்பார். பெட்ரோல் போடும் தம்பி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இஞ்சின் வேலை வரும்ணே" என்று ஆயுளையே குறித்துக் கொடுப்பார். எல்லாம் இலவசம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போனதாக மட்டும் சரித்திரம் இல்லை.

என் வண்டிக்கு வயதாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இந்த வயதில் எந்தக் கம்பெனி வண்டியும் முனகத்தான் செய்யும், மனுஷனும் அப்படித்தான். போன ஆடியில் அது புதிதாக 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது பின் சீட்டில் இருந்த என் மனைவி.

"ஏங்க, வண்டி என்னமோ உறுமுதே?"

"காத்து சத்தம்."

"ஊர்ல இத்தனை வண்டி போகுது. காத்துக்கு நம்ம வண்டி மேல மட்டும் என்ன கோவம்?"

இதற்குப் பதில் தேடுவதைவிட மெக்கானிக்கைத் தேடுவது சுலபம். தெருவைத் தாண்டுவதற்குள் மேல்வீட்டுப் பெரியவர் மறித்துக்கொண்டார். போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஆயில் மாத்துனீங்களா தம்பி?" என்றார். அவர் வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் மருந்து. இண்டிகேட்டர் எரியவில்லை என்று சொன்னாலும் ஆயிலை மாற்றச் சொல்வார்.

எங்கள் மெக்கானிக்கின் கடை ஒரு வேப்பமரமும் பழைய ஆயில் ஊறிக் கறுத்த தரையும்தான். காலை ஒன்பது மணிக்கு அங்கே போனால் பலகுரல் கச்சேரியே கேட்கலாம். டை கட்டிய பேங்க் அதிகாரி ஒருவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "டக்கு டக்கு டக்குன்னு வருதுப்பா" என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வந்த டீச்சரம்மா, பிள்ளைகள் யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, "கீ...ச்" என்றார். வரிசையில் என் முறை வந்ததும் நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிர்ர்ர்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நிறுத்தினார். "சத்தம் எப்படி இருக்குன்னு வண்டியே சொல்லிரும் சார். அது எப்ப வருதுன்னு நீங்க சொல்லுங்க."

பிறகு கேள்விகள். நிக்கும்போது வருதா, ஓடும்போது வருதா? கிளட்ச் புடிச்சா நிக்குதா? பிரேக் புடிச்சா வருதா? காலைல மொத ஸ்டார்ட்ல மட்டுமா? ஆள் ஏறுனா கூடுதா? கியர் மாத்துனா சத்தமும் மாறுதா? பேங்க் அதிகாரி உட்பட அங்கே நின்ற அத்தனை பேரும் பொதுத்தேர்வு ஹாலுக்குள் வந்துவிட்டவர்களாக விழித்தோம். வாயால் சத்தம் போடத் தெரிந்த எவருக்கும் எப்போது என்று தெரியவில்லை.

அந்தக் கேள்விகளில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. வண்டியில் இரண்டு வேகங்கள் உண்டு: ஒன்று இஞ்சினுடையது, இன்னொன்று சக்கரத்துடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். அப்போது இஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், நொடிக்கு 83. ஆகவே சக்கரத்துக் கோளாறு தட்டும், ஆட்டும். வேகம் குறையக் குறைய அந்தத் தட்டலை எண்ணிவிடலாம். இஞ்சின் கோளாறு எண்ணுவதற்கு இடமே கொடுக்காமல் அதிரும். கைப்பிடியும் கால் வைக்கும் கட்டையும் மரத்துப்போகும். சந்தேகம் இருந்தால், ஆளில்லாத ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடியுங்கள். வண்டி அதே வேகத்தில் உருளும், இஞ்சின் மட்டும் இறங்கிவிடும். சத்தமும் கூடவே இறங்கினால் இஞ்சின் பக்கம். இறங்காமல் கூடவே உருண்டு வந்தால் சக்கரம், செயின், பேரிங் பக்கம். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது.

மீதியும் அப்படித்தான். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே 'டொக்' என்றால் கோன் செட். வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தால் அந்த டொக் கைக்கே தெரியும். வேகம் ஏற ஏறச் சுருதி ஏறும் ஊளை என்றால் வீல் பேரிங். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி கொடுக்கும்போது பின்னால் ஒரு குலுக்கு வந்தால் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் செயின் தொங்கும். நிறுத்திய பிறகு 'டிக்... டிக்...' என்று கேட்டால் ஒன்றும் இல்லை. சூடேறி விரிந்த சைலன்சர் பைப் ஆறிச் சுருங்குகிறது. அதற்காக ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வரும் அன்பர்கள் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம்.

ஊர் முழுக்க வாயில் போட்டு மெல்லும் டேப்பெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் இரும்பு விரிய இடம் வேண்டுமே. அந்த இடைவெளி இருந்தால் லேசாக 'டிக்டிக்' கேட்கத்தான் செய்யும். "சத்தமே வரக்கூடாது" என்று வாடிக்கையாளர் அடம்பிடிக்க, இடைவெளியே இல்லாமல் முறுக்கிக் கொடுத்தால் வண்டி பரமசாதுவாகிவிடும். உள்ளே வால்வு சரியாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கும். லேசாகப் புலம்பும் டேப்பெட்டோடு பல வருஷம் குடித்தனம் நடத்தலாம். வாயைக் கட்டிய டேப்பெட்தான் ஒரு நாள் மொத்தமாகச் செலவு வைக்கும்.

அதிர்வும் அப்படி ஒழித்துக்கட்டக் கூடியது இல்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் பிஸ்டன் மேலும் கீழும் பாய்வதைச் சமாளிக்க, கிராங்கின் எதிர்ப்பக்கம் எடை வைக்கிறார்கள். முழுக்கச் சமாளிக்கும் அளவு எடை வைத்தால் மேல்கீழ் ஆட்டம் போய் முன்பின் ஆட்டம் வந்துவிடும். ஆகவே பாதிக்குப் பாதி என்று சமரசம். மீதியை அடக்க, எதிர்த்திசையில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் வேண்டும். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் புறப்பட்ட நாள்முதல் பல பத்தாண்டுகள் அது இல்லாமலே ஓடியது. 2020-ல் அதே கம்பெனியின் மீட்டியோர் 350-ல் வந்த புதிய இஞ்சினில் பேலன்சர் ஷாஃப்ட் இருந்தது; 2023-ல் அதே இஞ்சின் புல்லட்டுக்கும் வந்தது. ஆட்டம் குறைந்ததற்கு ரசிகர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? "ஆடாத புல்லட் என்ன புல்லட்டு?" என்று மூக்கால் அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருவன் சத்தத்தை நிறுத்தக் காசு கொடுக்கிறான். இன்னொருவன் சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குகிறான். இரண்டாமவனுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் காத்திருக்கிறது என்பது முதலாமவனுக்கு ஓர் ஆறுதல்.

என் வண்டிக்கு வருகிறேன். மெக்கானிக் அதை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை என் கையில் கொடுத்தார். "மெதுவா ஏத்துங்க சார்." ஏற்றினேன். ஓர் இடத்தில் 'கிர்ர்ர்' எழுந்தது. இன்னும் ஏற்றினால் அடங்கியது. "அங்கயே புடிங்க" என்றார். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை இஞ்சின் தலையில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். தலையில், கிளட்ச் மூடியில், மேக்னட் மூடியில் என்று ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். கண்ணைத் திறந்து, "இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். சைடு மூடியைத் தொட்டார், உறுமல் நிற்கவில்லை. செயின் மூடி, நம்பர் பிளேட், டூல் பாக்ஸ், எதற்கும் நிற்கவில்லை. பின் சக்கரத்தின் இடப்பக்கம் சேலை சிக்காமல் இருக்க மாட்டியிருக்கும் கம்பியை இரண்டு விரலால் பிடித்தார். நின்றது. விட்டார், உறுமியது. எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று இன்னொரு தடவை பிடித்து விட்டுக் காட்டினார். ஒரு நட்டு தளர்ந்து, இஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது மட்டும் அந்தக் கம்பி அதே தாளத்தில் ஆடியிருக்கிறது. பின் சக்கரத்தில் துணி சிக்காதபடி பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே சொல்வதால், கழற்றி எறியவும் முடியாது.

பழைய சைக்கிள் டியூபில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். நடுவில் ஓட்டை போட்டுக் கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையில் வாஷராக வைத்து, நட்டை முறுக்கினார். உறுமல் போயே போய்விட்டது. இஞ்சினைப் பிரிக்கச் சொன்ன தம்பியும் ஆயிலை மாற்றச் சொன்ன பெரியவரும் கேட்டால் நம்பப் போவதில்லை. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "டீ சொல்லுங்க போதும்" என்றார்.

ஆகவே சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், பலகுரலும் செய்யாதீர்கள். வீட்டிலேயே கிளட்ச், பிரேக், கியர், வேகம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெளியே தெரியும் நட்டுகளை மாதம் ஒருமுறை முறுக்கிப் பார்த்தாலே பாதிச் சத்தம் பிறக்காது. ஆனால் பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசினாலோ, சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடினாலோ, காரணம் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.