நாமக்கல் பாசஞ்சரும் இருபது வினாடி மன்னிப்பும்

கேள்வி: ஜப்பானில் ரயில் சீக்கிரம் கிளம்பினாலும் மன்னிப்புக் கேட்பார்களாமே, நிஜமா? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நிஜம்தான். 2017 நவம்பர் 14 அன்று தோக்கியோவுக்கு அருகே மினாமி நகரேயாமா நிலையத்தில் 9 மணி 44 நிமிடம் 40 வினாடிக்குக் கிளம்ப வேண்டிய சுகுபா எக்ஸ்பிரஸ், 20 வினாடி முந்திக் கிளம்பிவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. அந்த ரயிலைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டி நான்கே நிமிடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாமக்கல்லில் காலை வண்டியை விட்டவர் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் ஓடவேண்டும்.

கேள்வி: ரயில் வந்து பத்து வருஷம் தாண்டியும் சேலத்துக்கு பஸ்ஸில்தானே நசுங்குகிறோம்? (ஒரு வாசகி, ராசிபுரம்)

பதில்: சேலம்–கரூர் பாதையில் 2013 மே 25 முதல் ரயில் ஓடுகிறது. 85 கிலோமீட்டர். மல்லூர், ராசிபுரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர். பிறகு காவிரியைத் தாண்டி வாங்கல், கரூர். அதற்கு முன் சேலத்திலிருந்து ரயிலில் கரூர் போக ஈரோட்டைச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த வகையில் இது பெரிய வரம்.

ஆனால் இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி நின்றே ஆகவேண்டும். தொலைதூர எக்ஸ்பிரஸ்களும் இதே தண்டவாளத்தில்தான் போகின்றன. அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு வேண்டியது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அரை மணிக்கொரு வண்டி. பஸ் அதைத் தருகிறது, ரயில் தரவில்லை. ராசிபுரத்துக்காரர்கள் கேட்க வேண்டியது அந்த நான்கு மணி நேரத்தைத்தான்.

கேள்வி: சேலம் ஜங்ஷன் ஏன் சூரமங்கலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது? (ஒரு வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: 1860-களின் தொடக்கத்தில் மதராஸ் ரயில்வே கம்பெனி பாதை போட்டபோது அதன் குறி சேலம் அல்ல, மேற்குக் கடற்கரையில் இருந்த பேப்பூர். வழியில் இருந்த ஊருக்கு ஓரமாக நிலையம் கிடைத்தது. ஊருக்குள்ளே இறங்க விருத்தாசலம் பாதையில் சேலம் டவுன் நிலையம் இருக்கிறது. நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர் ஜங்ஷனில் இறங்கி மறுபடி டவுன் பஸ் பிடிக்கிறார். ரயிலில் மிச்சமான நேரம் அங்கே கரைந்துவிடுகிறது. வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் பஸ் நின்றால் பாதிக் குறை தீரும்.

கேள்வி: நிலையத்தைப் பளபளவென்று கட்டினால் கூட்டம் வராதா? (கல்லூரி மாணவர், மோகனூர்)

பதில்: ஒசாகாவில் ஹான்க்யூ ரயில் நிறுவனத்தை வளர்த்த கொபயாஷி இச்சிஸோ, முதலில் பாதையோரம் வீட்டுமனை போட்டு ஆட்களைக் குடியேற்றினார். உமேதா நிலையத்தில் பல்பொருள் அங்காடி திறந்தது 1929-இல், அதற்குப் பிறகுதான். ஆட்களும் வண்டிகளும் முதலில், கட்டடம் பின்னால். சென்னையிலும் 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் அடுத்தடுத்து ஓடத் தொடங்கியதால்தான் தெற்கே குடியேறியவர்கள் தினமும் நகரத்துக்கு வேலைக்கு வந்துபோக முடிந்தது.

கேள்வி: கரூரிலிருந்து சேலத்துக்கு சீசன் டிக்கெட் கிடைக்குமா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: கிடைக்கும். 150 கிலோமீட்டர் வரை சீசன் தருகிறார்கள், உங்களுக்கு 85-தான். எடுக்கும் முன் காலையில் போகும் வண்டியும் மாலையில் திரும்பும் வண்டியும் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.