வீட்டுக்கொரு கோமாளி வளர்ப்போம்

பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே தீருவது என்று முடிவெடுக்கும் பெற்றோர் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் வந்த ஜோக் ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவார்கள். பிள்ளை தட்டைப் பார்க்கும். "புரியலையா?" என்று விளக்கவுரை தொடங்கும், அது முடிவதற்குள் ரசம் ஆறிப்போகும். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. கடைகளிலும் கல்லூரி வளாகத்திலும் மனிதர்கள் எதற்கெல்லாம் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன், சிரிப்புக்கு முந்தைய பேச்சில் 10-க்கு ஒன்றோ இரண்டோதான் நகைச்சுவை என்று கண்டார். மற்றதெல்லாம் 'சரி, கிளம்பறேன்' ரகம். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போலச் சுமார் 30 மடங்கு, கூட ஆள் இருக்கும்போது சிரிக்கிறோமாம். ஆக, வீட்டில் தட்டுப்பாடு ஜோக்குக்கு இல்லை. கூட உட்கார்ந்து கொஞ்சம் அசடாகச் சம்மதிக்கும் ஆளுக்குத்தான்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் எள்ளலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் "இவ இன்னும் பாயிலதான்..." என்று ஆரம்பித்தால் கூடமே சிரிக்கும், ஒருத்தி மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். கேட்டால், 'விளையாட்டுக்குச் சொன்னோம்' என்பார்கள். நான் கேட்பது, பேதைமையைப் பெரியவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். காலை ஏழே முக்கால், தெருமுனையில் வேன் ஹாரன். கட்டிலுக்கடியில் அகப்பட்ட ஒற்றைச் சாக்ஸைக் காட்டிக் கத்துவதை விட்டு, அப்பா அதைத் தன் காதில் மாட்டிக்கொண்டு "சரியா இருக்கா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். நாலு வயசுப் பிள்ளை சிரிக்கும், பிடுங்கும், "மக்கு அப்பா, இப்படித்தான்" என்று தானே காலில் போட்டுக் காட்டும். நாள் முழுக்க ஒன்றும் தெரியாதவராக நடத்தப்படுகிறவருக்கு இது ஒரு பதவி உயர்வு.

மக்கு அப்பாவா! இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமே என்று பாட்டிமார் பதறுவார்கள். அப்பாவுக்கு நிஜமாகவே சாக்ஸ் போடத் தெரியாது என்று நம்பினால் பிள்ளை சிரிக்காது, அழும். அவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை உள்ளே இருப்பதால்தான் வேடிக்கையே நிற்கிறது. ரோட்டைக் கடக்கையில் அவர் குரல் மாறினால் அதுவும் பிள்ளைக்குத் தெரியும். நேரமில்லை என்பது இன்னொரு சாக்கு. கத்துவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது, தொண்டைச் செலவு தனி.

உண்மையிலேயே கனமான ஆட்சேபணை வேறு: "இன்னொரு தடவை!" ஒரு முறை பலித்த அசட்டுத்தனத்தைப் பிள்ளை விடாது. நண்டூருது நரியூருது ஆட்டத்தில் விரல் அக்குளுக்குப் போகவே வேண்டாம். முழங்கையைத் தாண்டும்போதே பிள்ளை சுருண்டு விழுகிறது. வரப்போவது தெரிந்திருப்பதுதான் அதற்குச் சுகம். பதினைந்தாவது தடவை சாக்ஸைக் காதில் மாட்டுவது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை இன்றைக்கும் டிவியில் வைத்து, செந்தில் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கிற நாம், "எத்தனை தடவைடா இதையே?" என்று அதட்டுமுன் ரிமோட்டையாவது ஒளித்து வைத்துக்கொள்ளலாம்.