உப்புக் கணக்கு

ராத்திரி பிரியாணி சாப்பிட்டால் காலையில் மோதிரம் கழல மாட்டேன் என்கிறதே?
— திண்டுக்கல் வாசகி

பிரியாணியோடு போன உப்பின் வேலை. ரத்தத்தில் சோடியம் ஏறியதும் மூளை தாகத்தைக் கிளப்பிவிட்டு, சிறுநீரில் போகும் தண்ணீரையும் குறைத்துவிடும். கூடுதலாக 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால், அதைக் கரைத்து வைக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கியாக வேண்டும். சிறுநீரகம் கணக்கை நேர்செய்ய ஓரிரு நாள் பிடிக்கும். அதுவரை மோதிரத்தை வெட்டிவிடாதீர்கள், தங்கம் விற்கிற விலைக்கு!

சிறுநீரகத்துக்கு உப்பு என்றால் வேண்டாத சரக்குதானே?
— கரூர் வாசகர்

நேர்மாறு. அது உப்புக் கஞ்சன்! தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பு இருக்கும். 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் சிறுநீரில் போவது.

ஆற்றில் இடுப்புக்கு மேல் இறங்கினால் சிறுநீர் முட்டுகிறதே, குளிரா?
— பவானி வாசகர்

குளிருக்கும் பங்குண்டு. ஆனால் முக்கியக் குற்றவாளி உங்கள் இதயம். வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீர் கால் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ள, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. 'ரத்தம் கூடிப்போச்சு' என்று எண்ணி, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனை அவை விடுகின்றன. மேலறைச் செல்களில் நுண்துகள்கள் இருப்பது 1950-களிலேயே மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது, எதற்கென்றுதான் விளங்கவில்லை. கனடாவில் அடோல்ஃபோ டி போல்டு எலியின் மேலறையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசி போட்டார். அவை உப்பும் நீருமாகக் கொட்டித் தீர்த்தன. 1981-இல் முடிவு வெளியானது. வெறும் பம்பு என்று நினைத்த இதயம் சுரப்பியும்கூட என்று அப்போதுதான் உறுதியானது. இதே குடும்பத்து ஹார்மோனை ரத்தத்தில் அளந்துதான் இன்று இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். நீச்சல்குளம் நடத்துபவர்கள் இந்தப் பதிலை வாசகர்களின் கண்ணில் படாமல் மறைக்கலாம்.

பி.பி. மாத்திரை பாம்பு விஷத்திலிருந்து வந்ததாமே, கதைதானே?
— நாகர்கோவில் வாசகர்

நிஜம். ரத்த அளவு குறைந்தால் சிறுநீரகம் ரெனினை விடும். அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்கும். ஆல்டோஸ்டிரோனை வரவழைத்து உப்பையும் பிடித்து வைக்கும். பிரேசிலின் ஜரராக்கா விரியன் விஷம் ஆஞ்சியோடென்சின் உருவாவதையே தடுக்கிறது. அந்த வித்தையைப் பின்பற்றிச் செய்த கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலை இலவசமாகத் தரும்.

இந்துப்புக்கு மாறிவிட்டேன். இனி பி.பி. பயமில்லையே?
— சேலம் வாசகி

நிறம்தான் மாறியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மேலே சொன்ன வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.