மீட்டர் கழற்றும் கலை

பழைய கார்களின் டாஷ்போர்டில் பல மீட்டர்களைப் பின்புறம் ‘யு’ வடிவப் பட்டையும் விரலால் திருகும் நட்டுகளும்தான் பிடித்திருக்கும். அந்த இடத்துக்குக் கை எளிதில் போகாது. போனால் எளிதில் திரும்பாது.

கழற்றும்போது முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் முனையை விடுவிப்பது. இதைத் தவிர்ப்பவருக்கு ஒயரிங் பாடம் புகையோடு நடத்தப்படும். அடுத்து ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றி, பல்ப் ஹோல்டர்களை உருவி, ஒவ்வொரு ஒயருக்கும் அடையாளம் ஒட்ட வேண்டும். ‘ஞாபகம் இருக்கும்’ என்பவரின் வண்டியில் பெட்ரோல் முள் எஞ்சின் சூட்டைக் காட்டும். கடைசியாக நட்டு. அது தவறாமல் கீழே விழும்; தரைக்கு மட்டும் வந்து சேராது.

மாட்டுவது இதே வரிசை, தலைகீழாக. கூடுதலாகப் பொருத்தும் மீட்டர்கள் பெரும்பாலும் 52 மி.மீ. விட்டமுள்ளவை; கண்ணளவில் துளை போடுபவர் டாஷ்போர்டும் வாங்க நேரும். நட்டுக்குக் கையிறுக்கமே போதும். ஸ்பேனர் பிடிக்கும் வீரருக்கு நட்டு ஏறும் ஸ்டட் முறியும். குழாய் வழியே எண்ணெய் வரும் ஆயில் பிரஷர் மீட்டரில் இணைப்பு கசிந்தால், அழுத்தத்தை ஓட்டுநரின் கால்சட்டையே காட்டிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால் பெட்ரோல் முள் உள்ளதைச் சொல்லும். உரிமையாளர் மீட்டரைச் சந்தேகிக்கத் தொடங்குவது அப்போதுதான்.