ஸ்பேர் பேட்டரி எந்தத் திணை?

கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள லேப்டாப்புகள் அருகிவிட்டன. ஒரு பொருள் அருகிய பிறகே அதைப் பற்றி ஆய்வு தொடங்க வேண்டும் என்பது நம் கல்விப்புல மரபு. ஆகவே இக்கட்டுரை. ஆய்வுக் களம், சென்னையில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. முதன்மைச் சான்று, ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய ஆறு செல் பேட்டரி ஒன்று, 11.1 வோல்ட், 48 வாட் மணி. அதன் முதுகில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் ஐந்து பச்சைப் புள்ளிகளில் சார்ஜுக்குத் தக்கபடி சில எரியும். ஓலைச்சுவடியில்கூட இவ்வளவு தெளிவான வாசகம் கிடைப்பதில்லை.

சும்மா கிடக்கும் பேட்டரியின் உரிப்பொருள் யாது என்பதே முதல் வினா. லேப்டாப்பைப் பிரிந்திருப்பதால் பிரிதல், எனவே பாலை என்பார் உளர். அது பொருந்தாது. பிரிந்து பொருள் தேடப் போனது லேப்டாப். நாள்தோறும் காலை 8.40 மின்சார ரயிலில் போகிறது. பேட்டரியோ வீட்டிலேயே, வரும்வரும் என்று ஆற்றியிருக்கிறது. ஆக இருத்தல், ஆக முல்லை என்க.

முல்லைக்குரியதைப் பாலையில் கொண்டுபோய் வைத்ததுதான் நான் செய்த பிழை. இதற்கு முன் ஒரு ஸ்பேர் இருந்தது. வாங்கியதும் ஐந்து புள்ளியும் எரிய முழுக்கச் சார்ஜ் ஏற்றி, துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். நிறைகுடம் தளும்பாது என்ற நம்பிக்கை. மேலே மொட்டை மாடி. கத்திரி வெயிலில் அந்தப் பரணில் கை வைத்தால் தோசைக்கல் நினைவு வரும். இரண்டு கோடை கழித்து எடுத்து மாட்டி, கசிந்துபோன சார்ஜை மறுபடி முழுக்க ஏற்றினேன். ஐந்து புள்ளியும் எரிந்தன. இருபது நிமிஷத்தில் திரை இருண்டது. கடைக்காரர் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, “செல் போச்சு சார், பேக்கப் நிக்காது” என்றார். புள்ளிகள் பொய் சொல்லவில்லை. குடம் சுருங்கி டம்ளராகிவிட்டது. டம்ளர் நிறைந்திருக்கிறது என்றுதான் அவை சொல்லின.

இதற்கு உரை வருமாறு. லித்தியம் அயனிச் செல்லில் சார்ஜ் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறும். முழுதாக ஏறினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் மின்பகுளி மின்முனைகளோடு ஓயாமல் வினைபுரிந்து தன்னைத்தானே தின்கிறது. வெப்பம் அதற்கு நெய் வார்க்கிறது. துறையில் வழங்கும் கணக்குப்படி, முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஓராண்டு கிடந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 35 சதவீதம் போய்விடும். அதே பேட்டரி 40 சதவீதச் சார்ஜோடு 25 டிகிரியில் கிடந்தால் இழப்பு 4 சதவீதம்தான். இந்த வேதியியலுக்கு வழிவகுத்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃப் அப்போது 97 வயதுக்காரர். மனிதர் தாங்கியதில் நாற்பதில் ஒரு பங்குகூட அவருடைய வேதியியல் என் பரணில் தாங்கவில்லை.

அஃதேல், ஒரு புள்ளியும் எரியாமல் வறளவிட்டு வைக்கலாமே எனின், அதுவும் ஆகாது. சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்லக் கசியும். செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். காவல் சுற்று கதவைச் சாத்திவிடும். பிறகு தட்டினாலும் திறக்காது. எனவே ஐந்தில் இரண்டு புள்ளி என்பது பெற்றாம்.

இடத்துக்கு வருவோம். வீட்டில் குளிர்ந்த நிலம் ஒன்றே: ஃபிரிட்ஜ். இது குறிஞ்சி. (ஃப்ரீசர் இமயம், அங்கே வைக்கக் கூடாது.) ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி, கீழ்த்தட்டில் வைத்தேன். எடுத்தவுடன் கவரைப் பிரித்தால் சென்னைக் காற்று பட்டுப் பேட்டரி முழுக்க முத்து முத்தாக நீர் கோக்கும். அது நெய்தலின் இரங்கல். கவரோடு சில மணி நேரம் வெளியே வைத்து, சூடு சமமான பிறகே பிரிக்க வேண்டும். மருதத்துக்குரிய ஊடல் மூன்றாம் நாளே நிகழ்ந்தது.

“மாவுக்குப் பக்கத்துல இது என்ன கருமம்?”

“பேட்டரி.”

“சாப்பிடற பொருள் வைக்கிற எடத்துலயா? நாளைக்கு உங்க செருப்பையும் வைப்பீங்களா?”

இந்த வாதத்துக்கு வேதியியலில் மறுப்பு இல்லை. பேட்டரி இப்போது மனைவியின் பீரோவில், சுவரோரத் தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வெயில் படாத அறை. பரணோடு ஒப்பிட்டால் முல்லைதான். முனைகளில் சாவியோ சில்லறையோ பட்டுவிடாதபடி டேப் ஒட்டியிருக்கிறேன். ஊருக்கு விமானத்தில் போனால் ஸ்பேர் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்பது விதி, கைப்பையில்தான் வர வேண்டும். அந்த உடன்போக்கு ஒன்றுதான் இதன் வாழ்வில் உள்ள பாலை.

பீரோவுக்குப் போனதில் ஆய்வுக்கு எதிர்பாராத லாபம். ஜரிகை மடிப்பில் இற்றுவிடாமலிருக்கப் பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்ற வேண்டுமாம். பேட்டரிக்கும் அதேதான்: எடுத்து, பொத்தானை அமுக்கி, ஒரு புள்ளிக்கு இறங்கியிருந்தால் இரண்டுக்கு ஏற்றி வைக்க வேண்டும். சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என நான்கு முதல் தேதிகளை நியமித்தேன். ஐப்பசி தீபாவளி வேலையில் விடுபட்டது. தை முதல் தேதி, பொங்கல் பானை இறங்கிய பிறகு, எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி.

ஏற்றுவதற்கு லேப்டாப் வேண்டும். அதில் மாட்டித்தான் ஏற்ற முடியும். அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள், உள்ளேயே வைத்து ஒட்டிய பேட்டரி. பழையதன் திரையில் பாதி கோடு, விசைப்பலகையில் ‘ந’ வேலை செய்யாது. அதைக் காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்த மனைவி, கேட்டாள்: “இது இன்னும் எதுக்கு?”

“பேட்டரிக்குச் சார்ஜ் போட.”

“பேட்டரி எதுக்கு?”

லேப்டாப்பைத் துடைத்து, உறையில் போட்டு, பீரோவில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.