எடை எவ்வளவு என்று கேட்கும் லாயம்

இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்கு வார இறுதியில் இரண்டு நாள் போய், அப்படியே கொஞ்சம் குதிரையும் ஏறிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு யோசனைதான்: உங்களை அவமானப்படுத்துகிற லாயமாகப் பார்த்துப் பணம் கட்டுங்கள். முன்பதிவுப் படிவத்திலேயே எடை, உயரம், வயது, கடைசியாக எப்போது குதிரை ஏறினீர்கள், முதுகுவலி உண்டா, யாரும் கயிற்றைப் பிடிக்காமல் தனியாக ஓட்டத் தெரியுமா என்று குடைகிற இடமாக இருக்க வேண்டும். நேரில் போய் நின்றதும், படிவத்தில் எழுதியதை நம்பாமல் மூலையில் இருக்கும் எடைக்கருவியைக் காட்டுகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையை விசாரிப்பது போல விசாரிப்பார்கள்; சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்தவர்கள் என்பதும் முகத்தில் தெரியும். பக்கத்து ஊரிலேயே இன்னொரு லாயம் இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், அனுபவம் தேவையில்லை, இப்போதே வாருங்கள் என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிடும். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஹேக் என்று அங்கே சொல்வது வேலி போட்ட மைதானத்துக்குள் சுற்றி வருவதை அல்ல. வழிகாட்டி முன்னால் போக, நாலைந்து பேர் பின்தொடர்ந்து காடு, மேடு, வயலோரம் என்று திறந்த வெளியில் போய்த் திரும்புவதை. இந்தக் கூட்டத்தின் வேகம் என்பது அதில் மிகவும் பயந்தவரின் வேகம். ட்ராட் என்கிற குலுக்கல் ஓட்டம் ஐந்து பேரில் ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் மற்ற நால்வரும் நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். குதிரை நடந்தால் மணிக்குச் சுமார் 4 மைல். நாயைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர்ப் பெரியவர்கள் வழியில் உங்களோடு பேச்சுக்கொடுத்தபடியே வர முடிகிற வேகம். ஆக, எதையும் கேட்காமல் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிற லாயத்துக்கு வேறு வழியில்லை. யார் பயந்தவர் என்று தெரியாததால் அத்தனை பேரையும் பயந்தவர்களாகவே வைத்து, ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி ஒரு மணி நேரம் நடத்திக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட லாயத்தால்தான் ஆட்களைத் தரம் பிரிக்க முடியும், தெரிந்தவர்களைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேன்ட்டர் என்கிற தாவல் ஓட்டத்துக்கு விட முடியும். அதற்கும் மேட்டுப் பாதையாகப் பார்த்துத்தான் விடுவார்கள். மேடேறி மூச்சு வாங்கும் குதிரையை நிறுத்துவது எளிது; ஏறியவருக்கும் தானே நிறுத்திவிட்டதாக ஒரு பெருமிதம். கெடுபிடியான இடத்துக்குப் போனால் நடையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்று சலித்துக்கொள்பவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

படிவத்தை ஏன் நம்புவதில்லை என்பதும் நியாயமான கேள்விதான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மலைவாசஸ்தலத்தின் ஏரிக்கரையில், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, மேலே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் 'அனுபவம் உண்டு' என்ற கட்டத்தில்தான் டிக் போடுகிறார்கள். பொய் என்று சொல்லிவிட முடியாது. உட்கார்ந்த அனுபவம் உண்டுதான். ஆனால் குதிரை படிவம் படிப்பதில்லை. ஏறி இரண்டு நிமிடத்துக்குள் கடிவாளம் பிடித்த கையிலிருந்தே ஆளை எடை போட்டுவிட்டு, பாதையோரத்துப் புல்லை நோக்கித் தலையைத் தாழ்த்தும். அடுத்த பத்து நிமிடம் யார் யாரை மேய்க்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒழுங்கான லாயம் முதலில் மைதானத்துக்குள் இரண்டு சுற்று வரச் சொல்லும். இதில் கௌரவக் குறைச்சல் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது. 2018 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் நடப்பிலுள்ள உரிம விதிகளின்படி, வாடகைக்குப் போகும் குதிரையோடு குறைந்தது 16 வயதான ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். ஏறுபவர் தனியாகப் போகத் தகுதியானவர்தான் என்று உரிமதாரருக்கே திருப்தி ஏற்பட்டால் மட்டும் விலக்கு. அலுவலகத்தில் ஐம்பது பேரைக் கட்டி மேய்க்கிற மனிதரை, பள்ளிப்படிப்புகூட முடியாத ஒரு பெண், "குதிகாலைக் கீழே இறக்குங்கள், அதைப் புல் தின்ன விடாதீர்கள்" என்று அதட்டிக்கொண்டே முன்னால் போவாள். சட்டம் அவள் பக்கம். பெரும்பாலும் நியாயமும் அவள் பக்கம்தான்.

எடை விஷயத்துக்கு வருவோம். மனம் புண்படுவது இங்கேதான் அதிகம். அந்த ஊரில் மனிதர்களின் எடையை இன்னும் ஸ்டோன் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. 12 ஸ்டோன் வரைதான் என்று ஒரு லாயம் சொன்னால் 76 கிலோவோடு கதவு சாத்தப்படுகிறது என்று பொருள். பணம் கொடுத்து வருகிறவரைத் தராசில் ஏற்றுவது என்ன பண்பாடு என்று கோபம் வரலாம். ஆனால் அந்தத் தராசு உங்களைப் பற்றிப் பேசவே இல்லை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் குறைவாக வைப்பவர்களும் உண்டு. சேணமும் இந்தக் கணக்குக்குள்தான் அடக்கம். 400 கிலோ குதிரை என்றால் சேணத்தைக் கழித்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது எழுபது கிலோ சொச்சம். அதுவும் அது உங்களை மட்டும் சுமக்கும் குதிரை அல்ல. காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று வாரம் முழுக்கச் சுமப்பது. எடையே கேட்காத லாயத்தில் உங்களுக்கு முன்னால் யார் யார் ஏறினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதுகு வலிக்கிற குதிரை நல்ல சவாரி தராது. தர வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இவ்வளவு எதற்கு, அரசாங்கமே நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறதே, ஐந்து நட்சத்திர லாயத்துக்குப் போனால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. உண்மை, அதே உரிம விதிகளின்படி உள்ளூர் நிர்வாகம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறது. ஆனால் அது ஓட்டல் நட்சத்திரம் அல்ல. விலங்கு நலச் சட்டத்தின் கீழ் வருவது. குதிரைக்குத் தண்ணீர், தீவனம், இடம், வைத்தியம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா, பதிவேடுகள் ஒழுங்கா என்று பார்த்துப் போடுவது. ஐந்து நட்சத்திரம் என்றால் குதிரை சந்தோஷமாக இருக்கிறது என்று நம்பலாம். நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்களா என்பதைப் பற்றி அந்தச் சான்றிதழில் ஒரு வார்த்தையும் இல்லை. உரிமமே இல்லாத இடத்தைத் தள்ளிவிட அது உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம்விட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்விகள் குதிரை மேலுள்ள அக்கறையால் அல்ல, வழக்குக்கும் காப்பீட்டுக்கும் பயந்து கேட்பவை. பயந்தவர்களை நல்லவர்கள் என்று எப்படிச் சொல்வது? பாதி சரி. கையெழுத்து வாங்கியதும் படிவத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிற லாயங்களும் உண்டு. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: எனக்கு எந்தக் குதிரை, ஏன்? "நீங்கள் ரொம்ப நாளாக ஏறவில்லை என்றீர்களே, இது வழியில் டிராக்டர் வந்தாலும் அசையாது, ஆனால் முதல் கால் மணி நேரம் சோம்பலாகப் போகும்" என்று பதில் வந்தால், உங்கள் பதில்களை யாரோ படித்திருக்கிறார்கள். ஏற்றிவிட்டபின் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்து மூச்சு விட்டதும் பட்டை தளர்ந்து தொங்கும். தெரிந்தவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒவ்வொருவரிடமும் வந்து, காலைச் சற்று முன்னால் தள்ளச் சொல்லி, பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து இன்னொரு துளை இறுக்குவார்கள். தெரியாதவர்களிடம் போனால் சேணத்தோடு சேர்ந்து நீங்களும் பக்கவாட்டில் சரியும்போது விஷயம் தெரியவரும். படிவமே இல்லாமல், நீங்கள் முற்றத்தைக் கடந்து நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே குதிரையைத் தேர்ந்தெடுக்கும் பழைய கை சிலரும் இருக்கிறார்கள். அவர்களும் விசாரித்துவிட்டார்கள், வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதே விசாரணையை நீங்களும் திருப்பிச் செய்ய வேண்டும், முக்கியமாகப் பாதையைப் பற்றி. இங்கிலாந்தில் நடப்பவர்களுக்கான பாதைகள் எங்கும் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் குதிரைக்கு உரிமை கிடையாது. பிரைடில்வே என்ற வகைப் பாதைகளில்தான் உண்டு. பொதுவழிகளின் மொத்த நீளத்தில் குதிரைக்குத் திறந்திருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்நாட்டு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சை நிறத்தில் சின்னக் கோடுகளாக வருவது நடப்பவர்களுக்கு, நீண்ட கோடுகளாக வருவது குதிரைக்கு. லாயத்தின் வாசலிலிருந்து நீண்ட பச்சைக் கோடு தொடங்காவிட்டால், இடையில் தார்ச்சாலைதான். குதிரையைத் தாண்டும் வண்டிகள் 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் இடம்விட்டுப் போக வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட சாலை விதிநூல் சொல்கிறது. பால் லாரி ஓட்டுபவர் அதைப் படித்திருப்பார் என்ற நம்பிக்கையில் சவாரி போகலாம். எத்தனை நிமிடம் சாலையில் என்று கேட்டால், நல்ல லாயம் தன் பாதையைத் தானே குறை சொல்லும்: போகும்போது பத்து நிமிடம் சாலை, ஓடைப் பக்கம் மழைக்குச் சேறு, கோடையில் தரை இறுகிவிட்டால் கேன்ட்டர் கிடையாது. பாதை இடத்துக்கு இடம் மாறும். தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணாம்பு மண்ணில் மழைநீர் சீக்கிரம் வடியும். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் நீள சவுத் டவுன்ஸ் வே என்ற பாதை முழுவதும் குதிரை போகலாம். நியூ ஃபாரஸ்ட் பகுதியில் லாயத்தின் வாசலைத் தாண்டினாலே வெட்டவெளி. 1079-இல் வில்லியம் மன்னர் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம். அங்கே மட்டக் குதிரைகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். சேணம் பூட்டிய சொந்தக்காரனையும் அவன் மேல் கவலையோடு உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணியையும் அவை நிதானமாகப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும்.

இரண்டு நாள் பயணத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நேரம் குறைவு என்பதால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். எல்லோரும் அறையைப் பிடித்துவிட்டு, பக்கத்தில் குதிரை உண்டா என்று தேடுகிறார்கள். அகப்படுவது சிரித்த முகம். லாயத்தைப் பிடித்துவிட்டு அதன் பக்கத்தில் அறை தேடுங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கேளுங்கள். உங்களை அவர்கள் பார்த்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு நல்ல குதிரையாகக் கொடுப்பார்கள். திங்களுக்குத் தள்ளிவைத்தால், பல லாயங்களில் அன்றுதான் குதிரைகளுக்கு ஓய்வு. இவ்வளவும் செய்த பிறகு ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போன் வரலாம்: காற்று பலமாக இருக்கிறது, குதிரைகள் மிரளும், வெளியே போவதில்லை. கெடுபிடியான லாயத்தைப் பிடித்ததற்கு இதுதான் விலை. இந்த ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மைதானத்துக்குள் பாடம் எடுக்கிறோம் என்றால் மறுக்காமல் போங்கள், அந்தப் பெண் குதிகாலைப் பற்றிச் சொன்னது அப்போதாவது காலுக்கு எட்டும். மாலைக்குள் காற்று நின்றால் மூன்று மணிக்கு இடம் இருக்குமா என்றும் கேட்டு வையுங்கள். டிசம்பர் என்றால் அதையும் கேட்க வேண்டாம், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.